இரண்டு வருடமாக மூச்சு வாங்குகிறது

அவரிடம் மணி என்ன என்று கேட்டால்கூட, கேட்கிறவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார். அவசரத்தில் இருப்பவரிடம் "இன்னும் நேரமிருக்குதுங்க" என்பார். எழுந்து போக வழி தேடிக்கொண்டிருப்பவரிடம் "நேரமாயிருச்சுங்களே" என்பார். அவர் கையில் கடிகாரமே கிடையாது. சாப்பிட்டாச்சா என்று கேட்டால், நம் கையில் பொட்டலம் இருக்கிறதா என்று பார்ப்பார். இருந்தால் "இன்னும் இல்லீங்க". இல்லாவிட்டால் "இப்பத்தானுங்க ஆச்சு". இதைப் பொய் என்று சொல்ல எனக்கு இன்றைக்கும் நா எழுவதில்லை. எதிரே ஒருவர் பதிலுக்காக நிற்கிறார், அவரை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது என்று அவர் நினைத்தார். தேயிலைக் காட்டில் மேஸ்திரியிடம் நின்று நின்று பழகிய மரியாதை அது. "இன்னிக்கி அந்த மேட்டுப் பக்கம் முடியுமா?" என்று மேஸ்திரி கேட்டால் அதற்கு ஒரு பதில்தான் உண்டு.

நான் அவரை அக்கா என்று கூப்பிட்டேன். அவர் என்னை மேடம் என்றார். என்னைவிட எட்டு வயதாவது பெரியவர். வேண்டாம் அக்கா என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். "சரிங்க மேடம், இனிமேட்டு சொல்லலீங்க மேடம்" என்பார்.

என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். நான் குன்னூரில் பிறந்து வளர்ந்தவள். அப்பா வெலிங்டனில் ராணுவ அலுவலகத்தில் சிவிலியன் கிளார்க். சமூகவியலில் எம்.ஏ. முடித்துவிட்டு மூன்று வருடம் சும்மா இருந்த பிறகு, கீழே சமவெளியில் ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில் வேலை கிடைத்தது. மருத்துவ சமூகப் பணியாளர் என்பது பதவியின் பெயர். செய்தது ஆள் பிடிக்கும் வேலை. டாக்டருக்குப் படிக்கும் பிள்ளைகள் இறுதித் தேர்வில் ஒரு நோயாளியைச் சோதித்து, நோய் இன்னதென்று தேர்வாளரிடம் சொல்ல வேண்டும். அதற்கு நோயாளி வேண்டும். வந்த புதிதில் கல்லூரி வார்டுகளில் பாதிக் கட்டில்கள் காலி. எனக்கு மலை தெரியும், எஸ்டேட்டுகள் தெரியும் என்பதால் கல்லூரி வேனோடு என்னை மேலே அனுப்பினார்கள். இலவச மருத்துவ முகாம் என்று போர்டு வைப்போம். வருகிறவர்களில் யாருடைய உடம்பில் நோய் துலக்கமாக இருக்கிறதோ அவர் பெயர் என் நோட்டில் ஏறும். அவர்களுக்குக் கல்லூரியில் கேஸ் என்று பெயர். நான்கூடச் சீக்கிரமே அப்படிச் சொல்லப் பழகிவிட்டேன்.

அக்கா முதல் தடவை முகாமுக்கு வந்ததே, மேஸ்திரி எல்லோரையும் போகச் சொன்னதால்தான். பேராசிரியர் அவர் மார்பில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். பிறகு கண்ணைத் திறந்து, கூட வந்திருந்த டாக்டர்களை எல்லாம் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார். "பியூட்டிஃபுல்" என்றார். அக்கா சங்கோசத்தோடு சிரித்துக்கொண்டே, "நல்லா இருக்குதுங்களா?" என்று கேட்டார்.

"ரொம்ப நல்லா இருக்கும்மா."

சின்ன வயதில் தொண்டை வலியும் மூட்டுக் காய்ச்சலும் வந்து, சரியான மருந்து கிடைக்காமல் விட்டதில், இதயத்தின் ஒரு வால்வு சுருங்கிப்போயிருந்தது. ரத்தம் அந்தச் சின்ன வழியில் நெருக்கிக்கொண்டு போகும்போது ஒரு சத்தம் வரும். சில நோயாளிகளிடம் அது டாக்டர் காதில் லேசில் விழாது. அக்காவிடம் தெளிவாக விழும். பின்னால் ஒரு மாணவன் தன் ஸ்டெதஸ்கோப்பை அவர் காதிலேயே மாட்டிவிட்டுக் கேட்க வைத்தான். வெகுநேரம் கேட்டுவிட்டு, "நம்ம வேன் பர்லியார்ல இருந்து வளைவேறுமே, அந்தச் சத்தந்தானுங்க" என்றார். அந்த மாணவன் அதையே பிடித்துக்கொண்டு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

ஆறு வருடம், வருடத்துக்கு ஒரு தடவை, அதே வளைவுகளில் அவரை இறக்கிக் கூட்டிப் போய்த் திரும்ப ஏற்றிக் கொண்டுவந்து விட்டேன். நான்கைந்து நாள் வார்டிலேயே தங்குவார். மூன்று வேளைச் சாப்பாடு, ஒரு போர்வை, போகும்போது கையில் ஒரு கவர். வேனில் ஜன்னலோரம் உட்கார்ந்து, "லீவு மாதிரி இருக்குதுங்க மேடம்" என்பார். மலையை விட்டு இறங்குவதற்கு அவருக்கு வேறு காரணமே இருந்ததில்லை.

பரீட்சைக்கென்று ஒரு ஜாக்கெட் வைத்திருந்தார். பழுப்புப் பச்சை நிறம். தளர்வாகத் தைத்தது, முன்பக்கம் பெரிய பெரிய கொக்கி. பத்துப் பதினைந்து ஆண் பிள்ளைகள் வரிசையாக வந்து இடது மார்புக்குக் கீழே கை வைத்துத் துடிப்பைத் தேடுவார்கள். முதல் வருடம் சாதாரண ஜாக்கெட்டில் வந்து, ஒவ்வொருவருக்கும் அவிழ்த்து மாட்டி அவிழ்த்து மாட்டி விரல் நடுங்கிப்போனது. மறுவருடம் அவராகவே இதைத் தைத்துக்கொண்டு வந்தார். "தம்பிங்களுக்கு நேரம் வீணாவுதுல்லீங்க" என்றார். அந்தப் பிள்ளைகளுக்குக் கூச்சம். கூச்சத்தில் எங்கோ பார்த்துக்கொண்டு எங்கோ கை வைப்பார்கள். அவரே அந்தக் கையைப் பிடித்துச் சரியான இடத்தில் வைப்பார். ஸ்டெதஸ்கோப் சில்லென்றிருந்தால் வாங்கி உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துச் சூடாக்கித் திரும்பக் கொடுப்பார்.

அவருடைய சத்தம் இடது பக்கம் திரும்பிப் படுத்து, மூச்சை வெளியே விட்டு நிறுத்தினால்தான் நன்றாகக் கேட்கும். பயத்தில் பிள்ளைகள் இதை மறந்துவிடுவார்கள். அக்கா கூரையைப் பார்த்துக்கொண்டு, "ஏனுங்க தம்பி, இந்தப் பக்கமா திரும்பிப் படுத்துக்கட்டுங்களா?" என்று கேட்பார். அதற்கும் அந்தப் பிள்ளைக்குப் புரியாவிட்டால், "மூச்ச உட்டுட்டு நிறுத்துனா எனக்குக் கொஞ்சம் சவுரியமா இருக்குமுங்க" என்பார். அவரால் பாஸானவர்கள் இந்த மாநிலத்தில் எத்தனை ஊரில் உட்கார்ந்து வைத்தியம் பார்க்கிறார்களோ! எண்ணிக்கை என் நோட்டில் இல்லை.

பலூன் ஒன்றைத் தொடை ரத்தக் குழாய் வழியாக உள்ளே விட்டு விரித்து, அந்த வால்வைத் திறந்துவிடலாம். மார்பைப் பிளக்க வேண்டியதில்லை. முதல் முகாமிலேயே பேராசிரியர் இதை என்னிடம் சொன்னார். அக்காவிடமும் சொன்னார். அரசுக் காப்பீட்டு அட்டையும் அவரிடம் இருந்தது. திறந்துவிட்டால் அந்தச் சத்தம் குறைந்துபோகும். சத்தம் போனால் கேஸ் போய்விடும். இந்தக் கடைசி இரண்டு வாக்கியத்தை யாரும் யாரிடமும் சொன்னதில்லை. "இந்தப் பரீட்சை முடியட்டும், பண்ணிடலாம்" என்று மட்டும்தான் சொல்லிக்கொண்டோம். ஒவ்வொரு வருடமும் பரீட்சை முடிந்தது.

முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு நான் ஒரு வகுப்பு எடுப்பேன். ஏற்றத்தாழ்வும் உடல்நலமும் என்று தலைப்பு. எனக்குப் பிடித்த வகுப்பு, கொஞ்சம் கர்வமும் உண்டு. அக்காவுக்கு வந்த இந்த வாத இதய நோய் வசதியானவர்கள் வீட்டுக்கு வழி தெரியாமல் போனது எப்படி, நெருக்கியடித்துப் படுக்கிற எஸ்டேட் தொழிலாளர் லைன் வீடுகளில் இன்னும் அது ஏன் படுக்கிறது என்றெல்லாம் பேசுவேன். ஒரு வருடம் அக்காவையே கூட்டிக்கொண்டுபோய் முன்னால் நாற்காலியில் உட்கார வைத்தேன். போகும் வழியிலேயே, "என்னங்க மேடம் கேப்பீங்க?" என்றார். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்பேன் என்றேன்.

"எத்தனன்னு சொன்னா உங்களுக்கு நல்லா இருக்குமுங்க?"

சிரித்துவிட்டேன். உள்ளதைச் சொல்லுங்கள் என்றேன். வகுப்பில் கேட்டபோது, நூறு பிள்ளைகளைப் பார்த்து, "ஒம்பது பேருங்க" என்றார். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். அவரும் மகளும் மட்டும்தான் அந்த வீட்டில். வெளியே வந்ததும் கோபமாகக் கேட்டேன். "நான் சின்னப் புள்ளையில ஒம்பது பேருதானுங்க. நீங்க பாவம், அவ்வளவு நேரம் கூட்டமா இருக்கும், கூட்டமா இருக்கும்னு பேசிட்டு இருந்தீங்க. நான் ரெண்டுன்னு சொன்னா உங்களுக்கு என்னமோ மாதிரி ஆயிருமில்லீங்க" என்றார். அன்றைக்கு வீட்டில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். என்னுடைய படிப்பில் ஒருவர் உடம்பைப் பற்றி எவ்வளவோ சொல்லிக் கொடுத்தார்கள். அந்த உடம்புக்கு உரியவர் நம் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார் என்பதை எவரும் சொல்லித் தரவில்லை. நானாகவும் கற்றுக்கொள்ளவில்லை.

நாலாவது வருடம் நடந்ததுதான் எல்லாவற்றுக்கும் வித்து.

ஒவ்வொரு கேஸுக்கும் ஒரு தாள் உண்டு. நோயாளி சொல்கிற வரலாறு அதில் இருக்கும். தேர்வாளர் அதை வைத்துத்தான் மாணவர் சொல்வதைச் சரிபார்ப்பார். அக்காவின் தாள் முதல் வருடம் எழுதியது. 'இரண்டு வருடமாக மூச்சு வாங்குகிறது. மேடு ஏறினால் மட்டும். படுத்தால் மூச்சு முட்டுவதில்லை. கால் வீக்கம் இல்லை. சளியில் ரத்தம் வந்ததில்லை.' ஒவ்வொரு வருடமும் மேலே தேதியை மட்டும் மாற்றி அதையே அச்செடுப்போம். ஆக, நாலாவது வருடமும் இரண்டு வருடம்தான்.

தர்மபுரிப் பக்கத்துப் பெண் ஒருத்தி அன்று அக்காவைச் சோதித்தாள். வீட்டிலேயே முதன்முதலாகப் படிக்க வந்தவள். மற்றவர்கள் பாடப்புத்தகக் கேள்வியாகக் கேட்டுவிட்டுப் போக, அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "தூக்கம் வருதாம்மா?" என்று கேட்டிருக்கிறாள். அப்படி யாரும் கேட்டதில்லை போலிருக்கிறது. அக்கா உள்ளதைச் சொல்லிவிட்டார். படுத்தால் மூச்சு முட்டுகிறது, இரண்டு தலையணை வைத்தால்தான் கண் மூட முடிகிறது என்று. அவள் அதை எழுதினாள். தேர்வாளர் தாளைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு அக்காவிடம் திரும்பி, "படுத்தால் மூச்சு முட்டுமா?" என்றார். தாளைக் கையில் வைத்துக்கொண்டு, புருவத்தை நெரித்துக்கொண்டு கேட்டார். அக்கா அந்த முகத்தைப் பார்த்தார்.

"இல்லீங்க சார்."

இல்லாததை எழுதினாள் என்று அந்தப் பெண்ணை ஃபெயிலாக்கிவிட்டார்கள்.

வராந்தாவில் அவள் அழுத அழுகையை அக்கா கட்டிலில் இருந்தபடியே கேட்டார். அன்றைக்குச் சாப்பிடவில்லை. வேனில் மலையேறும்போது, "நான் அந்தப் புள்ள வாழ்க்கையக் கெடுத்துட்டனுங்க மேடம்" என்று வழி நெடுகச் சொல்லிக்கொண்டே வந்தார். பர்லியாரில் டீக்கு நிறுத்தினோம். அங்கே நின்றுகொண்டு நான் செய்ததைத்தான் சொல்ல வேண்டும். இவருக்கு நோய் முற்றிக்கொண்டு வருகிறது என்று எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. கேஸ் கெட்டுப்போகிறதே என்றுதான் தோன்றியது. அவருடைய தாளை எடுத்துக் கையில் கொடுத்து, "இனிமே யார் கேட்டாலும் இதுல இருக்கறத மட்டும் சொல்லுங்கக்கா. எந்த டாக்டர் கேட்டாலும் சரி. புதுசா எதையும் சேத்தாதீங்க. அப்பத்தான் யாரும் ஃபெயிலாக மாட்டாங்க" என்றேன்.

"எந்த டாக்டர் கேட்டாலுமுங்களா?"

"எந்த டாக்டர் கேட்டாலும்."

மகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக் கேட்டு மனப்பாடம் செய்துவிட்டார். மறுவருடம் வேனில் ஏறியதும் என்னிடம் ஒப்பித்துக் காட்டினார். ஒரு சொல் பிசகவில்லை. "அந்தப் பாப்பா பாஸாயிருச்சுங்களா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஆயிட்டா அக்கா" என்றேன்.

அந்த வருடம் மலையேறும்போது மேல்மூச்சு வாங்கியது அவருக்கு. வேனில் உட்கார்ந்திருக்கும்போதே. எனக்கு உறுத்திவிட்டது. பலூன் சிகிச்சைக்கான காப்பீட்டு விண்ணப்பத்தை நானே நிரப்பினேன். எப்போது வைத்துக்கொள்ளலாம் என்று அவரைக் கேட்டேன். "உங்களுக்கு எப்ப சவுரியமோ அப்பங்க" என்றார். பேராசிரியரைக் கேட்டேன். அடுத்த வருடம் கல்லூரி அங்கீகாரத்துக்கான ஆய்வுக் குழு வருகிறது, இந்த மாதிரி நல்ல கேஸ் நம்மிடம் வேறு இல்லை, அது முடியட்டும் என்றார். சரி சார் என்றேன். விண்ணப்பத்தை மேசை இழுப்பறைக்குள் வைத்தேன். மேஸ்திரிக்கு அக்கா சொன்ன பதிலையே நான் பேராசிரியருக்குச் சொன்னேன் என்று இப்போது எழுத எளிதாக இருக்கிறது. எனக்குச் சம்பளமும் விடுமுறையும் இருந்தன, அக்காவுக்கு இல்லை என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

ஆறாவது தேர்வும் ஆய்வும் முடிந்து, இனி ஆகட்டும் என்று சொல்லப்பட்டபோது, மலையில் விடாத மழை. தொலைபேசியில் கூப்பிட்டேன். மழை நிற்கட்டும், வருகிறேன் என்றார். மழை நின்று, பாதை சரியானபின் வேனை எடுத்துக்கொண்டு போனேன். லைன் வீட்டு வாசலில் மகள் நின்றிருந்தாள். ஊட்டியில் சாக்லெட் கடையில் வேலை பார்க்கிறவள். அன்றைக்கு ஏன் வேலைக்குப் போகவில்லை என்றுதான் முதலில் கேட்டேன்.

"அம்மா போய் பன்னெண்டு நாளாச்சுங்க" என்றாள்.

காலையில் வேலைக்குக் கிளம்பி, செருப்பு மாட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. அதற்கு முந்தைய இரண்டு மாதமும் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேதான் தூங்கினாராம். சளியில் ரத்தம் வந்திருக்கிறது. மகள் பயந்துபோய், இறப்பதற்கு நாலு நாள் முன்னால், மலையிலேயே இருக்கும் ஒரு சின்ன மருத்துவமனைக்குக் கூட்டிப்போயிருக்கிறாள். போகும்போது அந்தப் பழுப்புப் பச்சை ஜாக்கெட்டைத்தான் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டாராம்.

அங்கே இருந்த இளம் டாக்டர் எங்கள் கல்லூரிப் பையன். அக்காவைச் சோதித்துப் பாஸானவன். பார்த்ததும் எழுந்து வந்து, "அம்மா, நீங்களா!" என்று கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். வெளியே பெரிய வரிசை. ஆனாலும் உட்கார வைத்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறான்.

"நானு சொல்ல வந்தனுங்க மேடம்" என்றாள் மகள். "ராத்திரியெல்லாம் உக்காந்தேதான் இருக்குது, ரத்தம் வருதுன்னு சொல்ல வாயெடுத்தேன். அம்மா என் கையப் புடிச்சு அமுக்கிருச்சு. சும்மா இரு, தம்பி எழுதிட்டு இருக்குதுல்லன்னு சொல்லிருச்சு."

அந்த டாக்டர் எழுதிய சீட்டைக் கொண்டுவந்து காட்டினாள். ஆங்கிலத்தில் எழுதியிருந்தான், தெளிவான கையெழுத்து. இரண்டு வருடமாக மூச்சு வாங்குகிறது. மேடு ஏறினால் மட்டும். படுத்தால் முட்டுவதில்லை. கால் வீக்கம் இல்லை. ரத்தம் இல்லை. வரிசைகூட மாறவில்லை. கீழே, வால்வு சிகிச்சைக்குக் கல்லூரியில் ஏற்பாடு நடக்கிறது என்று ஒரு வரி. மேடம் பார்த்துக்கொள்கிறார்கள் என்று அக்காதான் சொல்லியிருக்கிறார். மாத்திரை எழுதி, அடுத்த மாதம் வரச் சொல்லியிருந்தான்.

அவனைப் போய்ப் பார்த்தேன். திட்ட வேண்டும் என்றுதான் போனேன். அவன் எனக்கு முன்னாலேயே அழுதான். "நான் எல்லாமே கேட்டேன் மேடம். ஒண்ணு விடாம கேட்டேன்" என்றான். கேட்டிருக்கிறான்தான். நாங்கள் சொல்லிக்கொடுத்தபடி ஒன்றுவிடாமல் கேட்டிருக்கிறான். அவரும் நாங்கள் சொல்லிக்கொடுத்தபடி ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறார். அந்த அறையில் இரண்டு பேரும் பாஸ். அவர் ஒப்பித்தது நான் கையில் கொடுத்த தாளை என்று அவனிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திரும்பி வந்துவிட்டேன்.

வேலையை விட்டுவிட்டேன் என்று எழுதினால் படிக்கிறவர்களுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும். விடவில்லை. இந்த வருடமும் அந்த வகுப்பை எடுத்தேன். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள்.

போன மாதம் கோத்தகிரிப் பக்கத்து முகாமில் இன்னொருவர் கிடைத்தார். முப்பது வயது இருக்கும், எஸ்டேட்டில் தற்காலிக வேலை. அதே வால்வு, அதே சத்தம். பேராசிரியர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "அந்தப் பழைய ஷீட்டே போதும், வயசை மட்டும் மாத்திடுங்க" என்றார். முதலில் சிகிச்சை, அப்புறம்தான் பரீட்சை என்று நான் சொன்னேன். குரல் உயர்த்தியே சொன்னேன். பார்க்கலாம் என்றார்.

எல்லோரும் போனபின் அந்தப் பெண்ணைத் தனியாக உட்கார வைத்தேன். நான் டாக்டர் இல்லை, பயப்பட வேண்டாம், யாரும் ஃபெயிலாக மாட்டார்கள், உள்ளது உள்ளபடி சொன்னால்தான் உங்களுக்கு நல்லது என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன்.

"நெசமாச் சொல்லுங்க. எத்தனை வருசமா மூச்சு வாங்குது?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் மடியில் இருந்த அக்காவின் பழைய தாளைப் பார்த்தார்.

"அதுல என்னங்க போட்டிருக்குது?"

"ரெண்டு வருசம்."

"அப்ப ரெண்டு வருசந்தானுங்க மேடம்" என்றார்.